ஒரே போனுக்குள் இரண்டு ஊர்

கண்டியில் மழை பெய்துகொண்டிருக்கும்போது என் சட்டைப்பைக்குள் பனி கொட்டும். நான் இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. ஹந்தானை மலைச் சரிவில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டிலிருந்து காலையில் பஸ்ஸுக்கு இறங்கி வருவேன். குடைக்குள்ளும் சாரல் அடிக்கும். பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தால் போனை எடுத்துப் பார்ப்பேன். அங்கே ஒரு கார் முழுக்க வெள்ளையாக நிற்கும். இலை ஒன்றுகூட இல்லாத ஒரு மரம் நிற்கும். யாரோ வீட்டுப் படியில் உப்புத் தூவியிருப்பார்கள். பஸ் வளைந்து வளைந்து நகரத்துக்கு இறங்க, நான் கனடாவில் ஏதோ ஒரு தெருவில் நின்றுகொண்டிருப்பேன். இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டு, வாவிக்கரையால் திரும்பி நடந்து வேலைக்குப் போன நாட்களும் உண்டு.

அந்தப் போன் கனடாவில் இருக்கும் என் அக்கா பாவித்துவிட்டு எனக்கு அனுப்பியது. கனடாவிலிருந்து தெரிந்தவர்கள் யாராவது வந்தால் அவர்களுடைய பெட்டிக்குள் எங்களுக்கென்று ஒரு பொதி கட்டாயம் இருக்கும். சொக்லேட், வாசனைச் சவர்க்காரம், சத்துக் குளிசைகள், அக்காவின் கணவருக்கு, அதாவது என் அத்தானுக்கு, இறுகிப்போன சட்டைகள். அந்த முறை ஒரு சோடித் தடித்த காலுறையும் வந்தது. கண்டியில் இதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று எரிச்சலோடு உதறினேன். உள்ளேயிருந்து ஐபோன் விழுந்தது. நல்ல காலம், மெத்தையில் விழுந்தது. அக்கா பெறுமதியான சாமான்களை இப்படித்தான் ஒளித்து அனுப்புவாள்.

"அதில என்ர எக்கவுண்ட்தான் கிடக்கு," என்று அன்று பின்னேரம் அக்கா சொன்னாள். "நீ ஒண்டையும் நோண்டாத. சிம்மை மட்டும் போட்டுப் பாவி."

நான் ஒன்றையும் நோண்டவில்லை. சிம்மை மட்டும் போட்டேன்.

இந்தப் போன்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு ஐபோனுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே கணக்கில் இரண்டு போன்கள் இருந்தால், ஒன்றில் எடுக்கும் படம் கொஞ்ச நேரத்தில் மற்றதிலும் வந்து நிற்கும். நடுவில் எத்தனை கடல் கிடந்தாலும் வரும். அதனால், போன் கைமாறும்போது பழைய ஆளின் கணக்கைக் கழற்றிவிட்டுப் புதிய ஆள் தன்னுடையதைப் போட்டுக்கொள்ள வேண்டும். உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் செய்யமாட்டோம். தந்த சாமானைத் தந்தபடியே வைத்திருப்பதுதான் எங்களுக்கு மரியாதை. அக்கா அனுப்பிய சட்டையில் ஒரு பொத்தானை மாற்றுவதென்றாலும் அவளுக்குத் தெரியாமல்தான் மாற்றுவோம். அப்படியிருக்க, உங்களுடைய கணக்கைக் கழற்றப்போகிறேன், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள் என்று நான் அவளிடம் கேட்பதா? முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். எங்களைப்போல் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தச் சங்கடம் சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் வந்தது ஒரு கேத்தலின் படம். அடுப்பில் இருந்தது, மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஏதோ விளம்பரம் தானாக வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் பனிக்குள் புதைந்த ஒரு சப்பாத்து வந்தது. அது அக்காவின் சப்பாத்து. போன வருடம் அவள் அதைப் போட்டுக்கொண்டு வட்ஸ்அப்பில் காட்டியிருந்தாள். அப்போதுதான் எனக்கு விசயம் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஞாயிறுதோறும் அக்காவும் நானும் கதைப்போம். கதை என்று பெரிதாகச் சொல்லமுடியாது. சாப்பிட்டாச்சோ, அங்கே மழையோ, இங்கே சரியான குளிர், காலுக்கு எண்ணெய் போடு, சரி வைக்கட்டே. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவர்கள்கூட இதைவிடக் கொஞ்சம் உணர்ச்சியோடு பேசுவார்கள். அந்த ஞாயிறும் நாங்கள் குளிரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி முடித்தோம். படங்களைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அது பழைய விசயமாகிவிட்டது. ஒரு மாதம் போன பிறகு அதைச் சொன்னால், இவ்வளவு நாளும் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டா இருந்தாய் என்று அக்கா கேட்பாள். ஆகவே சொல்லவே முடியாத விசயமாகிவிட்டது.

சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு விசித்திரமான காலம். மதிய உணவை அவிழ்த்துக்கொண்டு மேசையில் இருப்பேன். வெளியே மலையில் முகில் இறங்கும், தென்னை மரங்கள் பாதி தெரியும், பாதி தெரியாது. போனுக்குள் ஒரு மேப்பிள் மரம் சிவந்துகொண்டிருக்கும். எது என் ஊரின் வெளிச்சம், எது அவளுடையது என்று சில வேளை ஒரு கணம் குழம்பிப்போவேன். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டே எனக்குக் காது குளிர்ந்திருக்கிறது. பின்னேரத்தில் மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள்.

"இஞ்சேருங்கோ, கனடாவில இருந்து எப்ப இறங்கிறியள்? தேத்தண்ணி ஆறுது."

அவளுக்கு எல்லாம் தெரியும். நான் அவளிடம் எதையும் மறைப்பதில்லை, மறைத்தாலும் பலிப்பதில்லை.

நான் எடுக்கும் படங்களும் அக்காவின் போனுக்குப் போகும் என்பது என் புத்திக்குத் தெரியும். மனதுக்குத்தான் அது ஏறவில்லை. ஏனென்றால் நான் எடுப்பவை படங்களே அல்ல. என் வேலை மலைநாட்டு வீதிகளில் எங்கே பழுது என்று சுற்றிப் பார்த்து எழுதுவது. ஹேவாஹெட்ட வீதியில் வெடித்த மதகு, பன்விலப் பக்கம் சரிந்துபோன பாதுகாப்பு மதில், சேறு அடைத்த குழாய், இவற்றுக்கு முன்னால் அளவு நாடாவை விரித்து வைத்து எடுத்த படங்கள்தான் என்னிடம் இருக்கும். சனிக்கிழமைகளில் மனைவிக்குக் காட்டச் சந்தைத் தக்காளியைப் படம் எடுத்தால் உண்டு. கனடாவில் ஒரு பெண் காலையில் எழுந்து மத்திய மலைநாட்டின் மதகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று யார் நினைப்பார்கள்?

அக்காவின் படங்களில் ஆட்கள் இருப்பதில்லை. பொருட்கள் இருக்கும், வெளிச்சம் இருக்கும். மேசைமேல் விழுந்த வெயில். கண்ணாடி யன்னலில் வழியும் தண்ணீர். காயப்போட்ட துவாயின் நிழல். எனக்கு இது பெரிய ஆச்சரியம். சின்ன வயதில் நான் கணக்குப் பாடத்தை வைத்துக்கொண்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் வந்து குட்டுகிறவள் இவள்தான். கனவு கண்டது காணும், எழுது என்பாள். அவள் இப்படி ஒரு துவாயின் நிழலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தும் தெரியாமல் போயிற்று. போனில் பேசிய அக்காவைவிட அந்தப் படங்களை எடுத்த அக்கா எனக்குக் கிட்ட வந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் முன்னெப்போதும் இல்லாத பாசம் வந்தது.

பிறகு படங்கள் மாறத் தொடங்கின. முதலில் நான் கவனிக்கவில்லை. வாசலில் எடுத்த படத்தில் அத்தானின் பெரிய சப்பாத்துகள் இல்லை. கோடை வந்துவிட்டது, மாற்றிவைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் எப்போதும் இரண்டு பீங்கான் தட்டுகள் இருக்கும். ஒரு நாள் ஒன்று இருந்தது. அடுத்த நாளும் ஒன்று. பிறகு அலுமாரியின் படம் ஒன்று வந்தது. இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. ஒரு பக்கத்தில் அக்காவின் சேலைகளும் குளிர்ச் சட்டைகளும். மறுபக்கத்தில் வெறும் கொழுவிகள். அலுமாரியை யாராவது படம் எடுப்பார்களா? நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சட்டைகூட இல்லை.

அந்த ஞாயிறு கதைக்கும்போது, "அத்தான் எங்க?" என்று வழமைபோல் கேட்டேன். நாங்கள் எப்போதும் கேட்பதுதான்.

"அவர் வேலைக்குப் போட்டார்," என்றாள் அக்கா.

அதற்கு அடுத்த கிழமை அத்தான் நித்திரை. அதற்கடுத்த கிழமை கடைக்குப் போயிருந்தார். பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். இல்லாத ஆளுக்கு அவள் ஒவ்வொரு கிழமையும் ஒரு வேலை தேடிக் கொடுக்கவேண்டியிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நேர கேளுங்கோவன்," என்றாள் மனைவி.

"என்னெண்டு கேக்கிறது? உங்கட அலுமாரிக்குள்ள பாத்தனான் எண்டோ?"

"ஓம். அப்பிடித்தான் கேக்க வேணும்."

"ஒரு அக்கா தம்பிக்குச் சொல்லுற விசயமோ அது? சொல்ல விரும்பினா சொல்லியிருப்பா. அவவின்ர மானம் எண்டு ஒண்டு இருக்கு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் செய்வதுதான் சரி என்று எனக்குப் பூரண நிச்சயமாக இருந்தது. அவள் மறைக்க விரும்புவதை நான் பார்க்காதமாதிரி இருக்கவேண்டும். அதே நேரம் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவும் கூடாது. இதுதான் அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் யன்னல் வரத் தொடங்கியது. உயரமான மாடியில் ஒரு யன்னல், கீழே ஒரு கார்த் தரிப்பிடம், தூரத்தில் ஒரு புகைபோக்கி. இது முன்பிருந்த வீடு அல்ல. அக்கா ஒரு சின்ன இடத்துக்கு மாறியிருந்தாள், அதையும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே விடியும் நேரம் இங்கே அலுவலகம் விடும் நேரம். நான் பையைத் தோளில் மாட்டும்போது படம் வந்திருக்கும். ஒவ்வொரு நாளும் அதே யன்னல். ஒரு நாள் சாம்பல் வானம், ஒரு நாள் செம்மஞ்சள், ஒரு நாள் கண்ணாடி முழுக்கப் பனிப்பூ. அதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாக மலை ஏறி வீட்டுக்கு வருவேன். அக்கா எழும்பிவிட்டாள் என்று அதற்கு அர்த்தம். தனியாக இருக்கும் அக்கா இன்றைக்கும் எழும்பி யன்னலடிக்கு வந்திருக்கிறாள்.

ஒருமுறை சில நாட்கள் யன்னல் வரவில்லை. வேலையில் ஒரு மதகை இரண்டு தடவை அளந்து இரண்டு தடவையும் பிழையாக எழுதினேன். போன் எடுத்தால், இன்று ஞாயிறு இல்லையே, ஏன் எடுத்தாய் என்று கேட்பாளே என்று எடுக்கவும் இல்லை. பிறகு ஒரு பின்னேரம், ஒரு கிண்ணம் கஞ்சியும் பக்கத்தில் காய்ச்சல் குளிசையும் வந்தன. நான் பஸ் நிலையத்தில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் போன் சாகத் தொடங்கியது.

அதன் பட்டரி ஊதித் திரையை ஒரு பக்கம் தூக்கிவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை மாற்றிய பட்டரி அது. மழைக் குளிரில் திடீரென்று அணைந்துவிடும், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் எழும்பும். வங்கிச் செயலி, இந்தப் போன் மிகப் பழையது, இனி உனக்கும் எனக்கும் சரிவராது என்று கையை விரித்துவிட்டது. வட்ஸ்அப்பும் விரைவில் வேலை செய்யாது என்று எச்சரித்தது. இன்னொரு ஐபோன், பாவித்ததாக இருந்தாலும், எங்கள் கையைக் கடிக்கும். அரச உத்தியோகமும் வாடகை வீடும் உள்ளவன் எட்டிப் பிடிக்கக்கூடியது ஒரு மலிவான அன்ட்ரொய்ட் போன்தான். அதையும் பழையதைக் கொடுத்து மாற்றினால்தான் கட்டுப்படியாகும்.

"மாத்துங்கோவன்," என்றாள் மனைவி. "அன்ட்ரொய்ட் வைச்சிருக்கிற ஆக்கள் உயிரோடதானே இருக்கினம்?"

அன்ட்ரொய்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை ஒன்றே ஒன்றுதான். அதில் யன்னல் வராது. ஐபோனை விட்டால் அக்காவின் கணக்கை விடவேண்டும். அக்காவின் கணக்கை விட்டால் அவள் எழும்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். ஞாயிறுக்கு ஞாயிறு மழையும் குளிரும்தான் மிஞ்சும். இதை நினைத்து நினைத்து நான் அந்தப் போனை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி இன்னும் கொஞ்சக் காலம் இழுத்தேன். இரவில் அதைத் தலைமாட்டில் வைக்க மனைவி விடவில்லை. வெடித்தால் கனடாவும் இல்லை, கண்டியும் இல்லை என்றாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நகரத்துக்கு இறங்கினேன். அந்தக் கிழமை முழுவதும் மழை விடவில்லை. மலைப்பக்கம் அங்கங்கே மண் சரிந்து வீதிகள் மூடியிருந்தன. நானும் மூன்று நாட்களாகச் சேற்றில் நின்றுவிட்டு வந்திருந்தேன். நகரத்தில் எல்லாமே தண்ணீருக்குள் கிடந்தன. வாகன வெளிச்சங்கள் ஈரத் தெருவில் நீளமாக விழுந்தன. போன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு கடை உண்டு. கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணர், நானா என்று கூப்பிடுவோம், வாயாடி, எதையும் நிச்சயமாகச் சொல்லுவார். அதில் பாதி பிழையாக இருக்கும். ஆனால் மலிவாகத் தருவார்.

அவர் புதிய போனைப் பெட்டியிலிருந்து எடுத்து என் சிம்மை மாற்றிப் போட்டு, இரண்டு போனையும் கடையின் வைஃபையில் இணைத்து, வட்ஸ்அப்பையும் திறந்து தந்தார். பிறகு என் பழைய போனின் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சிரித்தார்.

"சேர், இதுல வேற ஆள்ட எக்கவுண்ட் ஈக்கி. கழட்டாட்டி மாத்துக்கு எடுக்க ஏலா. பாஸ்வேர்ட் தெரியுமா?"

"தெரியாது."

"யார்ட?"

"அக்காட. கனடாவில."

"அப்ப ஒரு கோல் எடுத்துக் கேளுங்களேன் சேர். ரெண்டு நிமிஷ வேல."

எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் எல்லோருக்கும் எல்லாமே இரண்டு நிமிட வேலை. "கேக்க ஏலாது," என்றேன்.

நானா என் முகத்தைப் பார்த்தார். அக்காவோடு கோபதாபம் என்று நினைத்திருப்பார். "சரி, அப்ப உதிரிப் பாகத்துக்குத்தான் எடுப்பன். வெல கொறயும், ஒண்டும் செய்ய ஏலா," என்றார். நான் தலையாட்டினேன். அவர் போனை என்னிடம் திருப்பித் தள்ளினார். "ஆனா படத்த எல்லாம் அழிச்சிட்டுத் தாங்க சேர். குடும்பத்துப் படம். இது எங்கெங்க போமோ, யார்ட கைல அகப்படுமோ."

அது நியாயமான பேச்சு. அக்காவின் அலுமாரியை வேறொருவன் பார்க்கக்கூடாது. நான் கடையின் கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு படங்களைக் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழாக இழுத்துப் பார்த்தேன். மதகு, பனி, மதகு, யன்னல், தக்காளி, யன்னல், சரிந்த மதில், கஞ்சிக் கிண்ணம். இரண்டு பேருடைய வாழ்க்கையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தது. இப்படி ஒரு பொருளை இனி எந்தப் பணம் கொடுத்தும் வாங்கமுடியாது என்று நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் தெரிவு செய்து அழி என்று கொடுத்தேன். போன் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டது. இந்தப் படங்கள் உங்களுடைய எல்லாச் சாதனங்களிலிருந்தும் அழிக்கப்படும், சம்மதமா என்றது. என்னிடம் இருப்பது இந்த ஒரு சாதனம்தானே, இது என்ன பெரிய கேள்வி என்று நினைத்துச் சம்மதம் கொடுத்தேன். திரை வெறுமையாகிவிட்டது.

நானா பில் எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். புதிய போன் அடித்தது. அதன் மணியோசை பழக்கமில்லாததால் யாருடைய போனோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானாதான், "சேர், ஒங்களுக்குத்தான்," என்று தள்ளிவைத்தார். திரையில் அக்காவின் பெயர். சனிக்கிழமையில் அக்கா எடுத்ததே இல்லை. நான் போனைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன்.

"தம்பி! தம்பி, உனக்கு ஒண்டும் இல்லையே? எங்க நிக்கிறாய்?"

அக்காவின் குரல் இப்படிப் பதறி நான் கேட்டதில்லை.

"டவுணில நிக்கிறன் அக்கா. ஒரு போன் கடையில. ஏன், என்ன?"

அந்தப் பக்கம் ஒரு நீளமான மூச்சு வந்தது. "எழும்பிப் போனைப் பாக்கிறன், உன்ர படம் ஒண்டையும் காணேல்லை. ரோட்டு இல்லை, மதகு இல்லை, ஒண்டுமே இல்லை. அங்க மலையெல்லாம் சரியுது எண்டு செய்தியில நேற்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாங்கள். நான் என்னெண்டு நினைக்கிறது?"

எல்லாச் சாதனங்களிலிருந்தும் என்பதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ அக்கா, நான்தான் அழிச்சனான். இந்தப் போன் பழுதாப் போட்டுது, குடுத்திட்டு வேற எடுக்கிறன். உங்கட படங்களும் எல்லாம் போயிருக்குமே!"

"என்ர படம் கிடக்கட்டும். அழிச்சது கொஞ்ச நாளைக்குப் போனுக்குள்ளதான் கிடக்கும், நான் திருப்பி எடுப்பன். நீ சுகமா இருக்கிறியோ? அதைச் சொல்லு."

"சுகமா இருக்கிறன்." பிறகு கேட்டேன். "நீங்கள் என்ர படங்களைப் பாக்கிறனீங்களோ?"

"பின்னை? மழை எண்டு கேள்விப்பட்டா உன்ர மதகு வந்திட்டுதோ எண்டுதான் முதல் பாப்பன். மதகு வந்தா ஆள் பத்திரமா வந்திட்டான் எண்டு அர்த்தம். பிறகுதான் தேத்தண்ணி வைப்பன்."

தெருவில் ஆட்கள் குடைகளோடு இடித்துக்கொண்டு போனார்கள். கடைவாசல் தகரத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அக்கா வேறு ஒரு குரலில், மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, இனி உனக்கு என்ர யன்னல் வராது, என்ன?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "நான் பாக்கிறது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமலோ? ஒவ்வொரு நாளும் அதே யன்னலைப் படம் எடுக்க எனக்கென்ன விசரோ தம்பி? அது உனக்குத்தான் எடுத்தனான்."

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று நினைத்தவள்போல் சொல்லிக்கொண்டே போனாள்.

"மேசையில ஒரு பீங்கானை வைச்சு எடுத்தன். அலுமாரியை ரெண்டு பக்கமும் திறந்து வைச்சு எடுத்தன். அதை ஆரும் படம் எடுக்கிறவையோ? வாயால சொல்ல எனக்கு ஏலாமல் கிடந்தது. அம்மா அப்பா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன். பாத்திட்டு நீ கேப்பாய் எண்டு நினைச்சன். ஒவ்வொரு ஞாயிறும் போன் அடிக்கேக்க, இண்டைக்குக் கேப்பான், இண்டைக்கு எண்டாலும் கேப்பான் எண்டு இருந்தனான். நீ மழையைப் பற்றித்தான் கதைச்சாய்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவளுடைய மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் கண்ணும் கருத்துமாக வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை ஞாயிறுகளும் அவள் அந்தப் பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

உள்ளேயிருந்து நானா பழைய போனைத் தூக்கிக் காட்டி, இதை என்ன செய்வது என்று கையால் கேட்டார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். கடைப்படியின் ஓரத்தில் நனையாத ஒரு துண்டு இடம் இருந்தது. அதில் இருந்தேன்.

"அக்கா," என்றேன். "அத்தான் எங்க?"

இந்த முறை அவர் வேலைக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை.

"உனக்கு நேரம் இருக்கோ?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கு. சொல்லுங்கோ."

அக்கா சொல்லத் தொடங்கினாள்.